பெசல் இல்லாத 55 இன்ச் டிவி: படம் பளிச்சென்று இருக்கிறது, வசனம்தான் புரியவில்லை. என்ன செய்யலாம்?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இந்த வருடம் 55 இன்ச் எல்.இ.டி. டிவி வாங்கிச் சுவரில் மாட்டினோம். ஓரத்தில் சட்டமே தெரியாத மாடல், பக்கவாட்டில் பார்த்தால் மேல்பாதி விரல் தடிமன்தான். படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரச்சினை சத்தம். செய்தி வாசிப்பது ஓரளவு புரிகிறது, ஆனால் சினிமா, வெப் சீரிஸ் என்று போட்டால் பேசுவது எல்லாம் அமுங்கிப் போய்க் கேட்கிறது. வால்யூமை ஏற்றினால் வசனம் வருகிறது, அடுத்த நொடி சண்டைக் காட்சி வந்து காதைப் பிளக்கிறது, உடனே குறைக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது, அவர் சீரியல் பார்க்கும்போது பாதி வசனத்தை என்னிடம்தான் கேட்கிறார்.

ஹால் 12க்கு 16 அடி. தரை முழுக்க டைல்ஸ், மேலே கான்கிரீட், ஃபேன் எப்போதும் ஓடும். செட்டாப் பாக்ஸ் எச்.டி.எம்.ஐ.யில் இருக்கிறது, மற்றதெல்லாம் டிவியில் உள்ள ஆப். அட்டைப்பெட்டியில் 20 வாட், டால்பி என்று போட்டிருக்கிறது. இதற்கு முன் இருந்த பழைய டியூப் டிவியில் இத்தனை வாட் எல்லாம் கிடையாது, ஆனாலும் அடுப்பங்கரையில் இருந்தே எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

என் கேள்விகள்: செட்டிங்கில் ஏதாவது மாற்றினால் சரியாகுமா? சவுண்ட்பார் வாங்கினால்தான் ஆகுமா? உள்ளே இருக்கும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டுப் பெரியதாக வைக்க முடியுமா? கடையில் ஒருவர், இப்போது திரையே ஸ்பீக்கராக வேலை செய்யும் டிவி வந்துவிட்டது என்றார், அது உண்மைதானா? பட்ஜெட் 15 ஆயிரம் வரை.


ஒலியலை எழுதியது:

காவிரிக்கரை, உங்கள் டிவியில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. இதே புகாரை எல்லா விலையிலும், எல்லா கம்பெனி டிவிக்கும் கேட்கிறேன்.

டியூப் டிவி ஏன் நன்றாகக் கேட்டது என்பதில் இருந்து தொடங்கினால் மற்றது புரியும். பிக்சர் டியூபுக்காகவே அந்தப் பெட்டி ஒன்றரை அடி ஆழம் இருந்தாக வேண்டும், அதனால் ஸ்பீக்கருக்குத் தேவையான காற்றிடம் செலவே இல்லாமல் கிடைத்தது. திரைக்குப் பக்கத்திலோ கீழேயோ துளை போட்ட ஓர் இடத்தில் ஸ்பீக்கர் நேராக நம் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. டிவியை ஒல்லியாக்கி ஓரத்தையும் எடுத்தபோது இந்த இரண்டுமே போய்விட்டன. ஆழம் போனதால் பாஸ், அதாவது கனமான கீழ் ஒலி, போனது. முன்பக்கம் போனதால் தெளிவு போனது. எல்லோரும் பாஸ் இல்லை என்றுதான் குறை சொல்கிறார்கள், ஆனால் வசனம் புரியாமல் போவதற்கு முக்கியக் காரணம் இரண்டாவது.

பாஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாக, வேண்டுமென்றால் ஸ்பீக்கர் தள்ள வேண்டிய காற்று நான்கு மடங்காகும். 400 ஹெர்ட்ஸில் இருந்து 100 ஹெர்ட்ஸுக்கு வர இரண்டு ஸ்தாயி, அப்படியானால் 16 மடங்கு. ஒல்லி டிவியில் இருக்கும் நீள்வட்டச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு முன்னும் பின்னும் ஆட முடியாது, ஆட முயன்றாலும் சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும். இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள், கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் அவர்: சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் எடுத்துக்கொள்ள முடியும். எந்த செட்டிங்கும் இதை மாற்றாது. ஈக்வலைசரில் பாஸை ஏற்றினால் ஸ்பீக்கர் கரகரக்கும், அந்தக் கரகரப்பு வசனத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

இனி தெளிவு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், உங்கள் டிவியின் அகலம் 1.2 மீட்டர். அந்த அலைக்கு டிவி ஒரு தடையே இல்லை, சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். 3,000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 11 செ.மீ. தான். ஸ்பீக்கர் கீழே பார்த்திருந்தால் அது கீழேயே போகும், பின்னால் பார்த்திருந்தால் சுவரில் மோதி, தரையில் மோதி, கலங்கித்தான் நம்மிடம் வரும். நம் மொழியில் வல்லினம் இருக்கிறதே, க ச ட த ப ற, அதன் அடையாளம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. சத்தத்தைத் தருவது உயிரெழுத்து, பத்தா பட்டா என்று பிரித்துச் சொல்வது அந்தச் சின்ன வெடிப்பு. உங்களுக்கு சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்றால் காரணம் இதுதான்.

வாட் பற்றி: அது ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தின் கணக்கு, வெளியே வரும் ஒலியின் கணக்கு இல்லை. 20 வாட்டை 40 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே கடையில் 30 வாட், 40 வாட் என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் கேட்டால் அதற்காகக் கொடுக்காதீர்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. சவுண்ட் மெனுவில் சினிமா, மியூசிக் என்று எதில் வைத்திருந்தாலும் ஸ்டாண்டர்டுக்கோ க்ளியர் வாய்ஸுக்கோ மாற்றுங்கள், வெவ்வேறு கம்பெனியில் வெவ்வேறு பெயர் இருக்கும். சரவுண்ட், 3டி, விர்ச்சுவல் என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள், இரண்டு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு ஒலியைப் பரப்பிக் காட்ட அது செய்யும் வேலை நடுவில் இருக்கும் குரலைத்தான் முதலில் கலைக்கிறது. ஈக்வலைசர் இருந்தால் 100, 200 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்கி, 2, 3 கிலோ ஹெர்ட்ஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நைட் மோட் அல்லது வால்யூம் லெவலிங் என்று இருந்தால் போட்டுப் பாருங்கள், உங்கள் சண்டைக் காட்சிப் பிரச்சினைக்கு அது நேரடி மருந்து.

அப்புறம் ஒன்று, பலரும் கவனிக்காதது. ஓ.டி.டி. ஆப்பில் படம் ஓடும்போது ஆடியோ மெனுவைத் திறந்து பாருங்கள். 5.1, அதாவது ஆறு சேனல் ஒலி, தேர்வாகியிருந்தால் அதே மொழியில் சாதாரண ஸ்டீரியோ டிராக் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதற்கு மாற்றுங்கள். 5.1இல் வசனம் நடு சேனலில் தனியாக இருக்கும், டிவிக்கு நடு ஸ்பீக்கர் கிடையாது, ஆறையும் பிசைந்து இரண்டாக்கும்போது பக்கத்து இசைக்குள் குரல் முங்கிவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு: நெட்பிளிக்ஸ் தனக்குத் தரப்படும் மிக்ஸில் வசனத்தின் சராசரி மட்டம் மைனஸ் 27 எல்.கே.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) என்று இருக்க வேண்டும் என்கிறது, ஐரோப்பிய டிவி ஒளிபரப்பு விதி மொத்த நிகழ்ச்சிக்கு மைனஸ் 23. வசனத்தைத் தாழ்த்தி வைத்து, வெடிக்கும் காட்சிக்கு மேலே இடம் விட்டிருக்கிறார்கள். நல்ல ஸ்பீக்கர் உள்ளவருக்கு அது வரம், உங்களுக்கும் எனக்கும் ரிமோட் வேலை.


சர்வீஸ் மதுரை எழுதியது:

ஒலியலை சார் சொன்னது அத்தனையும் சரி. டிவி ரிப்பேர்தான் என் தொழில், அதனால் அந்த மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உள் ஸ்பீக்கரை மாற்றாதீர்கள். முதலில் இடம் கிடையாது, பெரிய ஸ்பீக்கர் உள்ளே போகவே போகாது. சரி, வயரை வெளியே இழுத்து வெளி ஸ்பீக்கரில் கொடுக்கலாம் என்று சிலர் யூடியூப் பார்த்துச் செய்கிறார்கள். இப்போது வரும் டிவியில் ஆம்ப் ஐ.சி. (ஒலியைப் பெருக்கும் சிப்) பிரிட்ஜ் முறையில் இருக்கும், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் சிக்னல் இருக்கும், எதுவும் கிரவுண்ட் கிடையாது. பழைய பழக்கத்தில் இரண்டு பக்கத்து மைனஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டாலோ, வெளி ஆம்பின் கிரவுண்டில் கொடுத்தாலோ ஐ.சி. போய்விடும். போர்டோடு ஒட்டியிருப்பதால் சில மாடலில் மெயின் போர்டையே மாற்ற வேண்டி வரும். 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் மாட்டினாலும் சூடாகிக் கெடும். சப்ளை போர்டு கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது போகாது. தெரியாதவர்கள் கை வைக்கவே கூடாது. வாரண்டி போவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். சுவரோடு ஒட்டி மாட்டும் பிளாட் பிராக்கெட்டா? பின்பக்க ஸ்பீக்கராக இருந்தால் சுவருக்கும் டிவிக்கும் இடையில் இடமே இல்லாமல் ஒலி நசுங்கும். முன்னால் இழுக்கக்கூடிய பிராக்கெட் கிடைக்கிறது, கொஞ்சம் வெளியே எடுத்து லேசாகக் கீழே சாய்த்தாலே வித்தியாசம் தெரியும். கீழ்ப்பக்க ஸ்பீக்கராக இருந்தால், டிவிக்கு நேர் கீழே அரை அடியில் ஒரு மரப்பலகையோ கண்ணாடி ஷெல்ஃபோ முன்னால் நீட்டி இருந்தால் ஒலி அதில் பட்டு உங்கள் பக்கம் திரும்பும். அதே டிவியை மேசை மேல் வைத்திருப்பவர்கள் மேசையின் முன் விளிம்பு வரைக்கும் தள்ளி வைக்கலாமே தவிர, பின்னால் தள்ளி முன்பக்கம் பொம்மை, பூச்சாடி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் அடுக்கக் கூடாது. வீடுவீடாகப் போகும்போது நான் பார்ப்பது இதைத்தான், ஸ்பீக்கர் ஓட்டைக்கு நேராக மஞ்சள் குங்குமத்தோடு ஒரு துண்டு மாலை தொங்கும்.

ஹால் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். டிர்ர் என்று வால் நீண்டால் உங்கள் அறையும் வசனத்தைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.


காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கை தட்டிப் பார்த்தேன், நன்றாகவே டிர்ர் என்கிறது. ஜன்னலுக்கு மெல்லிய வலைத் திரைதான் போட்டிருக்கிறோம், தரையில் ஒன்றும் விரிக்கவில்லை. ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம்தான், பிராக்கெட் ஒட்டி மாட்டும் வகை.

5.1இல் இருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றியதும் உடனே வித்தியாசம் தெரிந்தது, இதை யாரும் எங்கும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில படங்களில் தமிழ் 5.1 மட்டும்தான் இருக்கிறது. க்ளியர் வாய்ஸ் போட்டால் குரல் புரிகிறது, பாட்டு மட்டும் வறட்சியாக ஆகிவிடுகிறது.

அந்தத் திரையே ஸ்பீக்கர் விஷயத்தை யாராவது சொல்லுங்கள். அடுத்த டிவி எடுக்கும்போதாவது தெரிந்து எடுக்கலாம்.


நெய்தல் எழுதியது:

அது உண்மைதான் சகோ, விளம்பர வார்த்தை மட்டும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தட்டையான பலகையைப் பின்னால் இருந்து சின்ன மோட்டார் மாதிரி ஒன்றால் அதிர வைத்து ஒலி எழுப்புவது புதிய யோசனை இல்லை. 1990களிலேயே பிரிட்டனில் என்.எக்ஸ்.டி. என்ற கம்பெனி அப்படிப்பட்ட தட்டை ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்தது. சாதாரண ஸ்பீக்கரில் கூம்பு முழுதும் ஒன்றாக முன்னும் பின்னும் போகும். இதில் பலகையின் வெவ்வேறு இடம் வெவ்வேறு விதமாக வளைந்து நெளியும். நடுத்தர, உயர் ஒலிகள் நன்றாக வரும், பாஸ் வராது.

டிவியில் இதைப் பெரிய அளவில் செய்தது சோனி. 2017இல் வந்த ஏ1ஈ ஓலெட் டிவியில் திரைக்குப் பின்னால் ஆக்சுவேட்டர்களை (நான் சொன்ன அந்தச் சின்ன மோட்டார் மாதிரியானவை) ஒட்டி, திரைக் கண்ணாடியையே அதிர வைத்தார்கள், அக்கூஸ்டிக் சர்ஃபேஸ் என்று பெயர். பேசும் ஆள் திரையில் எங்கே நிற்கிறாரோ கிட்டத்தட்ட அங்கிருந்தே குரல் வருவதுபோல இருக்கும். ஒலியலை சொன்ன அந்த 3,000 ஹெர்ட்ஸ் எங்கும் மோதாமல், வளையாமல் நேராக முகத்துக்கு வருகிறது, ஓரமும் தேவையில்லை, துளையும் தேவையில்லை. ஆனால் பாஸுக்கு அவர்களும் பின்னால் ஸ்டாண்டில் தனியாக ஒரு உஃபர் வைக்கத்தான் வேண்டியிருந்தது, ஹாஃப்மனை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. 2018இல் வந்த ஏ9எஃப் மாடலில் நடுவிலும் ஒரு ஆக்சுவேட்டர் சேர்த்தார்கள், ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் அந்தத் திரையையே சென்டர் ஸ்பீக்கராகக் கோத்துக்கொள்ள முடிந்தது. என்னைக் கேட்டால் இதுவரை டிவி ஒலியில் நடந்த மிக நல்ல விஷயம் அதுதான்.

இதை ஏன் எல்லா டிவியிலும் செய்யவில்லை? ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்னால் பேக்லைட் கிடையாது, மெல்லிய ஒரே தகடு. நீங்கள் வைத்திருப்பது எல்.சி.டி. பேனல், எல்.இ.டி. என்று விற்பது பின்னால் இருக்கும் விளக்கை வைத்துத்தான். பேனலுக்குப் பின்னால் டிஃப்யூசர் தாள்கள், காற்று இடைவெளி, விளக்கு வரிசை என்று அடுக்கு அடுக்காக இருக்கும், பின்னால் இருந்து அதிர வைத்தால் முன்கண்ணாடிக்கு ஒழுங்காக வந்து சேராது. அதனால் பட்ஜெட் எல்.இ.டி. டிவியில் திரையே பேசும் என்று யாராவது கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

போனில் இதே கதை இன்னும் வேகமாக நடந்தது. 2014இல் ஷார்ப் அக்குவோஸ் கிரிஸ்டல் என்று ஓரமில்லாத போன் ஒன்று வந்தது, காதுக்கான ஸ்பீக்கர் துளையே கிடையாது, முன்பக்கத்தையே அதிர வைத்துக் குரலைக் கொடுத்தார்கள். 2016இல் ஷாவ்மி மி மிக்ஸ், அதில் பீசோ செராமிக், மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீங்கான். போனைக் காதில் வைத்தால் குரல் மெலிந்தும் அமுங்கியும் வருகிறது என்று விமர்சனங்கள் வந்தன, அடுத்த வருடம் மி மிக்ஸ் 2இல் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மாதிரித் துளை வைத்துச் சாதாரண ஸ்பீக்கருக்கே திரும்பினார்கள். 2018இல் விவோ நெக்ஸ், 2019இல் எல்.ஜி. ஜி8, ஹுவாவே பி30 ப்ரோ எல்லாம் திரையை அதிர வைத்தவைதான். இன்றைக்குப் பெரும்பாலான போன்களில் மேல் விளிம்பில் அந்தக் கோடுதான் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் இடம் விட்டால் ஒலி இவ்வளவு மேம்படும் என்றால் அதை விட்டுவிடுவதே நல்லது என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

போன் ஸ்பீக்கர் இந்தப் பத்து வருடத்தில் இவ்வளவு முன்னேறியதற்குக் காரணம் இன்னொன்று, ஸ்மார்ட் ஆம்ப். ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜையும் கரண்டையும் அளந்துகொண்டே இருந்து, ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் எவ்வளவு சூடாகிறது, தகடு எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று கணக்குப் போடும், கிழிய இன்னும் இடம் இருந்தால் அந்த எல்லை வரை தள்ளும். முன்பு பயந்து பாதி வலிமையில் ஓட்டிய அதே சின்ன ஸ்பீக்கரை இப்போது முழு வலிமையில் ஓட்டுகிறார்கள். லேப்டாப்பில் பார்த்தால் 2019 மேக்புக் ப்ரோ 16 இன்ச்சில் இரண்டு உஃபரை முதுகோடு முதுகாக வைத்து ஒன்றின் உதறலை மற்றது அடக்கும்படி செய்தார்கள், அதனால் ஒல்லி உடம்பு கடகடக்காமல் பாஸ் வந்தது. ஒல்லியான பெட்டியில் நல்ல ஒலி வரவே வராது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்ஜெட் டிவி செய்பவர்கள் அதற்குச் செலவழிப்பதில்லை, கடையில் நின்று பார்ப்பவர்கள் படத்தை வைத்துத்தானே தேர்வு செய்கிறார்கள்.


ரிச்சி தெரு எழுதியது:

நெய்தல் எழுதியது அருமை. நான் காவிரிக்கரையின் 15 ஆயிரத்துக்கு வருகிறேன்.

2.1 சவுண்ட்பார் என்று பெரிய சப்வூஃபரோடு வருவதை வாங்கிவிடாதீர்கள். பாட்டு, சண்டை எல்லாம் அதிரும், வசனம் அப்படியே தான் இருக்கும், கீழ்வீட்டுக்காரரோடு சண்டையும் வரும். உங்களுக்குத் தேவை நடு சேனல், அட்டையில் 3.0, 3.1, 5.1 என்று போட்டிருப்பதில் பாருக்குள்ளேயே நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இருந்தால் அந்த 5.1 தமிழ் டிராக்கையே போடலாம், குரல் தன் இடத்தில் இருந்து தனியாக வரும், சென்டர் சத்தத்தை மட்டும் ஏற்றிக்கொள்ளும் வசதி சிலவற்றில் உண்டு. டால்பி அட்மாஸ் என்ற முத்திரைக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள், மேலே பார்க்கும் ஸ்பீக்கர் இல்லாத சின்ன பாரில் அந்த முத்திரைக்குப் பெரிய பொருள் இல்லை.

என் சொந்த விருப்பம் வேறு. நான்கு இன்ச் உஃபரும் உயர் ஒலிக்கான சின்ன ட்வீட்டரும் உள்ள இரண்டு புக்ஷெல்ஃப் பாக்ஸ், கூட ஒரு சின்ன ஆம்ப். சென்னையில் ரிச்சி தெருவில் டிபிஏ 3116 சிப் போட்ட ஆம்ப் போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரிலேயே ஓடும். டிவியின் ஹெட்போன் ஜாக்கில் இருந்து வயர் எடுத்தால் போதும். வீட்டில் பழைய ஹோம் தியேட்டரோ டெக்கோ தூசி படிந்து கிடந்தால் அதன் ஸ்பீக்கர் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் காலத்து பத்தாயிரம் ரூபாய் பாரை விட அதில் காற்றிடம் அதிகம். டிவிக்கு இரண்டு பக்கமும், காது உயரத்தில், நீங்கள் உட்காரும் இடத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். இரண்டே ஸ்பீக்கர், ஆனால் இரண்டும் உங்களைப் பார்க்கிறது. அழகு வேண்டும், வயர் தெரியக்கூடாது என்றால் சவுண்ட்பார்.


கடலோரம் எழுதியது:

எல்லோரும் டிவியைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன். என் அப்பாவுக்கும் இதேதான் இருந்தது, காது டாக்டரிடம் போனபோதுதான் விளங்கியது. வயதாகும்போது முதலில் குறைவது உயர் சுருதி கேட்கும் திறன், மேலே சொன்ன அந்த வல்லின இடம்தான். டிவியும் அதைக் குறைக்கிறது, டைல்ஸ் ஹால் அதைக் கலக்குகிறது, ஃபேன் சத்தம் மிச்சத்தை மூடுகிறது, காதும் அதிலேயே தளர்ந்திருக்கிறது. நமக்குக் கொஞ்சம் அமுங்கிக் கேட்பது அவர்களுக்குப் புரியவே புரியாது. சத்தத்தை மட்டும் ஏற்றினால் அவர்களுக்கு எரிச்சல்தான் வரும், புரியாது. ஒரு முறை ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுத்துப் பாருங்கள் அண்ணா, தள்ளிப் போடாதீர்கள். காது கேட்கும் கருவி தேவைப்பட்டால் டிவியில் இருந்து நேராகவே அதற்கு ஒலி அனுப்பும் வகைகளும் இருக்கின்றன.

இன்னொன்று, ஸ்பீக்கரை அவர்கள் பக்கத்தில் கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் கூடும், சுவரில் பட்டு வரும் ஒலி அதிகமாகாது. அதனால் குரல் தனியாகத் தெரியும். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் ஒரு சின்ன வயர் ஸ்பீக்கர் வைத்தோம், வால்யூம் குறைவாகத்தான் இருக்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொந்தரவு இல்லை. இதற்கு ஆன செலவு சவுண்ட்பார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

ஹாலுக்குக் கனமான திரைத்துணி, சோபாவுக்கு முன்னால் ஒரு ஜமுக்காளம். பெரிய மாற்றம் வரும். தமிழ் சப்டைட்டில் இருக்கும் படங்களுக்கு அதையும் போட்டுவிடுங்கள், அவர்களுக்கு வாசிக்கப் பிடிக்குமென்றால்.


காவிரிக்கரை எழுதியது:

கடலோரம், நீங்கள் சொன்னபடி அம்மாவை முதலில் காட்டிவிடுகிறேன், அதை நான் டிவிப் பிரச்சினை என்றே நினைத்துவிட்டேன். ஜமுக்காளம் வீட்டிலேயே இருக்கிறது, எடுத்து விரிக்க வேண்டியதுதான். பிராக்கெட்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நடு சேனல் உள்ள பார் எடுப்பதாக இருந்தால் எதில் இணைப்பது? டிவியில் ஆப்டிக்கல் இருக்கிறது, எச்.டி.எம்.ஐ. 2இல் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறது, புளூடூத்தும் இருக்கிறது. மாமா வீட்டில் புளூடூத்தில் போட்டிருக்கிறார்கள், உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்று இருக்கிறது.


சர்வீஸ் மதுரை எழுதியது:

ஏ.ஆர்.சி. தான், டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. வயரிலேயே பாருக்கு அனுப்பும் வழி அது. அந்த எழுத்து போட்ட ஓட்டையில் மட்டும் மாட்டுங்கள், மற்ற எச்.டி.எம்.ஐ.யில் வேலை செய்யாது. செட்டாப் பாக்ஸ் இப்போது அதில் இருந்தால் வேறு ஓட்டைக்கு மாற்றிவிடுங்கள். டிவி மெனுவில் சி.இ.சி.யை ஆன் செய்ய வேண்டும், ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அதை ஆன் செய்தால் டிவி ரிமோட்டிலேயே பாரின் வால்யூம் மாறும், அம்மாவுக்கு இரண்டு ரிமோட் வேண்டாம். அப்புறம் சவுண்ட் அவுட்புட்டில் பி.சி.எம். என்று இருந்தால் ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ என்று மாற்றுங்கள், பி.சி.எம்.மில் விட்டால் டிவியே இரண்டு சேனலாக்கி அனுப்பிவிடும், நீங்கள் நடு சேனலுக்குக் கொடுத்த காசு வீண்.

ஆப்டிக்கலும் மோசமில்லை. சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 அதில் போகும், ஓ.டி.டி. ஆப்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அப்படியே போகாது, டிவி அதை மாற்றித் தர வேண்டும், எல்லா டிவியும் ஒழுங்காகத் தருவதில்லை. வால்யூமுக்கும் தனி ரிமோட் எடுக்க வேண்டி வரும்.

புளூடூத் டிவிக்கு வேண்டாம். ஒலி முந்தினால் 45 மில்லிசெகண்டிலேயே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினால் 125 வரை பெரும்பாலும் தெரியாது, பல புளூடூத் ஸ்பீக்கரில் தாமதம் அந்த எல்லையையும் தாண்டும். மாமா வீட்டு டிவியில் ஏ.வி. சிங்க் அல்லது லிப் சிங்க் என்று ஒரு செட்டிங் இருக்கும், ஆனால் அது பொதுவாக ஒலியை இன்னும் பிந்த வைக்கத்தான் உதவும், முந்த வைக்காது. டிவியில் ஏ.ஆர்.சி. இருந்தால் அவர்களையும் ஒரு எச்.டி.எம்.ஐ. வயர் வாங்கச் சொல்லுங்கள், ஒன்றரை மீட்டர் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. பார் வந்து மாட்டிய பிறகு சென்டர் ஸ்பீக்கர் பேசுகிறதா என்று பார்க்க, 5.1 படம் ஒன்றை ஓட விட்டு பாரின் நடுப்பகுதியில் காதை வைத்துக் கேளுங்கள், வசனம் அங்கிருந்து மட்டும் வர வேண்டும். வரவில்லை என்றால் சவுண்ட் அவுட்புட் மெனுவை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.